ஒத்தி மீட்டவர்

"தாயி, கூரையில ஏறப் போறேன். பொம்பளையாளுக ஒதுங்கிக்கிருங்க."

சந்தில் நின்றுகொண்டு கூத்தையா இதை மூன்று தடவை சொல்வார். உள்ளேயிருந்து குல்சும் "ஏறுங்கண்ணே" என்று குரல் கொடுத்த பிறகுதான் ஏணியைச் சுவரில் சாய்ப்பார். ஏறினால் லேசில் இறங்கமாட்டார். ஓடு ஓடாகத் தட்டிப் பார்ப்பார். சத்தம் பிசகினால் அதை உருவி, வெயிலுக்கு நேராகப் பிடித்துக் கீறல் தேடுவார். வருஷம் தவறாமல் ஆவணி மாதத்தில் வாலிநோக்கம் ஜனங்கள் பார்த்த காட்சி இது. இறங்கி வரும்போது வாசல்படியில் ஒரு செம்பு தண்ணீர் இருக்கும். அதைத் தெருவில் நின்றே அண்ணாந்து குடித்துவிட்டு, வேட்டியை உதறிக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விடுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் வீடு கூத்தையாவுடையது. அவருடைய அய்யா கட்டியது. இரண்டு அறை, ஓர் அடுப்படி, பின்னால் ஒரு பூவரசு. அந்த வீட்டை எழுநூறு ரூபாய்க்குப் பத்து வருஷ ஒத்தி எழுதிக் கொடுத்திருந்தார். பணத்துக்கு வட்டி கிடையாது, வீட்டுக்கு வாடகை கிடையாது. பணம் கொடுத்தவர் குடியிருந்துகொள்ளலாம், எழுநூறும் திரும்பி வருகிற அன்றைக்கு வீடும் திரும்பிவிடும். குல்சுமின் புருஷன் சதக் கொழும்பில் கடை வைத்திருக்கிறார். வட்டி வாங்குவது ஹராம் என்று, அனுப்பிய பணத்தை இப்படி வீட்டில் போடச் சொன்னார். ஒத்தி வீட்டில் ஓடு உடைந்தால் சொந்தக்காரன்தான் மாற்ற வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஆகவே கூத்தையா தான் குடியிராத கூரையை ஐந்து வருஷம் ஒழுகாமல் பார்த்துக்கொண்டார். அவர் படுத்திருந்த உப்பளத்துக் காவல் குடிசை ஒழுகியது. அது வேறு விஷயம்.

ஆள் ஒல்லி. நாற்பத்தைந்து வயது இருக்கும். உப்புப் பாத்தியில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். அதனால் கண்களை எப்போதும் பாதி மூடியே வைத்திருப்பார். நிழலுக்கு வந்த பிறகும் அப்படித்தான். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு, நம்மை இளக்காரமாகப் பார்க்கிறாரோ என்று தோன்றும். பாவம், அவருக்கு அதெல்லாம் தெரியாது. அவரிடம் எதைப் பற்றிப் பேசினாலும் ஒரே பதில்தான். "வேட்டி நைஞ்சு போச்சே கூத்தையா?" "அது அடுத்த வருசம்." "காலுல அந்த ஆணிக்கு வைத்தியம் பாக்கப்படாதா?" "அது அடுத்த வருசம்." ஊரில் இளவட்டங்கள் அவருக்கு அடுத்த வருசத்தார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காதில் விழுந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். அதுவும் அடுத்த வருஷம்தான் போலிருக்கிறது.

ஒத்தி வைத்த கதை சின்னது. உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, உமி விற்கப் போனால் காற்று அடிக்கிறது என்று சொல்வார்களே, கூத்தையா அந்தப் பழமொழியின் முதல் பாதி. ஐம்பத்து மூன்றாம் வருஷம், கூலிக்கு உப்பு வாரியது போதும் என்று முப்பது பாத்தியைத் தானே குத்தகைக்கு எடுத்தார். உப்பு நன்றாக விளைந்தது. வெள்ளைவெளேரென்று மூன்று குவியல் ஏற்றி, விலை இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று நிறுத்தி வைத்தார். மற்றவர்கள் குவியல்மேல் பனையோலை வேய்ந்தார்கள். "சித்திரையில என்ன மழை?" என்றார் கூத்தையா. சித்திரை பதினேழாம் தேதி பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தபோது, குவியல் இருந்த இடத்தில் இடுப்பளவுக்கு ஒரு மேடு இருந்தது. மீதி கடலிலிருந்து வந்தபடியே கடலுக்குப் போயிருந்தது. குத்தகைப் பணத்துக்கு வீடு போயிற்று.

வீட்டைக் குல்சுமிடம் விட்ட அன்று அவருடைய மனைவி வீரலட்சுமி இரண்டு பானையையும் ஒரு ஆட்டையும் எடுத்துக்கொண்டு சாயல்குடிப் பக்கத்தில் தம்பி சோணைமுத்து வீட்டுக்குக் கிளம்பினாள். பிள்ளை கிடையாது. தடுக்க ஆளும் கிடையாது. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஓலை வாங்க ஒம்பது ரூவா யோசிச்ச ஆளுக நீங்க. இந்த வாசல மீட்டுட்டு வந்து கூப்புடுங்க, வாரேன். அதுவரைக்கும் கூப்புடாதிக."

கோபத்தில் சொன்னது. வேறொரு புருஷனாக இருந்தால் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, எட்டாம் நாள் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்திருப்பான். கூத்தையா அந்த வார்த்தையைப் பத்திரத்தில் எழுதிய வார்த்தை மாதிரி எடுத்துக்கொண்டார்.

உப்பளத்தில் வருஷம் பிறப்பது சித்திரையிலும் இல்லை, தையிலும் இல்லை. ஐப்பசியில் மழை இறங்கி, பாத்திகள் மூழ்கி, "இனி தைக்கு வாங்கப்பா" என்று கணக்குப்பிள்ளை கூலியைத் தீர்க்கிற நாளில் ஒரு வருஷம் முடிகிறது. அன்று எல்லாரும் அந்தப் பணத்துக்குக் கறி வாங்குவார்கள். கூத்தையா அதைக் கொண்டுபோய் அலியார் டீக்கடையில் கொடுப்பார். அலியாருக்கு அறுபது வயது. ஐந்து வேளைத் தொழுகை, கலப்படமில்லாத பால், பிறத்தியார் காசில் கை வைக்காதவர். பணம் அவரிடம் அமானிதமாக இருந்தது. அதாவது கேட்கிற அன்று அதே துணியில், அதே முடிச்சோடு திரும்பி வரும்.

பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்த வருஷத்துக்கு ஒரு சொல் சொல்வார். முதல் வருஷம் சொன்னது: "அண்ணே, இந்த வருசம் நூத்திப் பத்து. வெத்தல பொயலைய விட்டுட்டேன். ராத்திரிக் காவலும் ஒத்துக்கிட்டேன்."

"அல்லா பரக்கத் செய்வான்" என்றார் அலியார். பாராட்டத்தான் செய்தார். வைராக்கியமுள்ள ஆள் என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தார்.

வெற்றிலையை விட்டதில் ஒரு சங்கடம் இருந்தது. மத்தியான நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து ஒரே வெற்றிலைப் பையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த வட்டத்தில் வெறும் வாயோடு உட்கார்ந்திருந்தால், "ஒரு கிள்ளு போடப்பா" என்று யாராவது நீட்டுவார்கள். வேண்டாம் வேண்டாம் என்று எத்தனை நாள் சொல்வது? கூத்தையா தள்ளி உட்கார ஆரம்பித்தார். பிறகு தள்ளிப் படுக்க ஆரம்பித்தார்.

அடுத்த ஐப்பசியில் டீயை விட்டார். இதை அலியாரிடமே வந்து சொன்னதுதான் அதிசயம். நாளுக்கு இரண்டு டீ, இரண்டணா, வருஷத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய் என்று கணக்கு ஒப்பித்தார். அலியார் சிரித்துவிட்டு, "காசு யாருலே கேட்டா? வந்து உக்காந்து குடிச்சிட்டுப் போ" என்றார்.

"ஓசி டீயும் டீதாண்ணே" என்றார் கூத்தையா.

அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் வாரக் கூலியில் மிஞ்சியதைக் கொடுக்க வருவார், பெஞ்சில் உட்காரமாட்டார். ரோட்டில் நின்றபடியே கையை நீட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஊரில் யாருக்குக் கல்யாணம், யார் கொழும்பிலிருந்து வந்திருக்கிறார்கள், எவன் வலையில் என்ன மீன் என்பதெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் தெரியும். அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரியாமல் போயிற்று.

தெரியாமல் போனதும் ஒரு வகையில் வசதியாகத்தான் இருந்தது. மூன்றாம் வருஷம் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதற்கும் போவதில்லை என்று முடிவு செய்தார். போனால் மொய் எழுத வேண்டும். சொந்த அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று அக்கா ராமலெட்சுமி நேரில் வந்து அழைத்தாள். கூத்தையா பாத்தியில் நின்றுகொண்டே, "ஒத்திய மீட்டப்புறம் சேத்துச் செய்யிறேன்க்கா" என்றார். அக்கா அழைப்புப் பாக்கை வரப்பின்மேல் வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் அவள் வாலிநோக்கம் பக்கமே வரவில்லை.

பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆனால் பணம் சேர்ந்தது, அதையும் சொல்ல வேண்டும். முடிச்சு கனத்துக்கொண்டே போயிற்று. பத்து வருஷ ஒத்தியை ஆறே வருஷத்தில் மீட்டுவிடலாம் என்று கூத்தையாவுக்குத் தெரிந்தபோது, அதையே ஏன் ஐந்தில் முடிக்கக்கூடாது என்று தோன்றியது. ஒரு வருஷம் முந்தினால் வீரலட்சுமி ஒரு வருஷம் முந்தி வருவாள். நியாயமான ஆசைதானே? அதற்கு விடுவதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தார். மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

கூப்பிடாதே என்றுதான் அவள் சொல்லியிருந்தாள், பார்க்க வராதே என்று சொல்லவில்லை. ஆகையால் மாதம் ஒரு நாள் மெயின் ரோடுவரை நடந்து, பஸ் ஏறிப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவார். பஸ்ஸுக்குப் போக வரப் பன்னிரண்டணா. மச்சினன் பிள்ளைகளுக்குப் பண்டம் எட்டணா. வெறுங்கையோடு அந்த வாசலை மிதிக்க முடியுமா? ஒரு நாள் கூலி வேறு போகும். போய் என்ன செய்வார்? கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அவள் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே, "ஓடு மாத்துனிகளா?" என்பாள். "மாத்தியாச்சு." "பூவரசு பூத்திருக்கா?" "பூத்திருக்கு." சோறு போடுவாள். சாப்பிட்டுவிட்டு வருவார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நாளுக்கு முந்தின நாள் சவரம் செய்துகொள்வார்.

நான்காம் ஐப்பசியில் அலியாரிடம் வந்து, "இந்த வருசம் சாயல்குடி போறதில்ல" என்றார்.

அலியார் முடிச்சை வாங்காமல் அவரையே பார்த்தார். "ஏலே, யாருக்காகச் சேக்குறியோ அவளப் பாக்கப் போற காசையா மிச்சம் புடிக்கிற?"

"ஒரேடியாப் பாத்துக்கிருவேண்ணே."

கருப்பட்டி வியாபாரி ஒருவன் மூலம் செய்தி மட்டும் சொல்லி அனுப்பினார்: மீட்டுட்டு வாரேன், அதுவரைக்கும் வரத் தோதுப்படாது. அவளிடமிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. அந்த வருஷமும் போய், ஐந்தாவது வருஷமும் பிறந்தது. அந்த வருஷம் விடுவதற்கு ஒன்றும் இல்லாததால் மத்தியானச் சோற்றை விட்டார்.

மாசி மாதம் ஒரு நாள் காலையில் வீரலட்சுமியே வந்தாள். பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டிலிருந்து தலையில் ஒரு துணி மூட்டையோடு நடந்து, தன் வீட்டுத் தெருவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு நேரே உப்பளத்துக்கு வந்தாள். பாத்தியில் வேலை செய்த அத்தனை பேரும் பார்த்தார்கள். கூத்தையா உப்பு வாருகிற பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவள் காவல் குடிசைக்குள் குனிந்து பார்த்தாள். ஒரு சாக்கு, ஒரு பானை, ஒரு கம்பு.

"இதுலதான் கெடக்குறிகளா?"

"எனக்கென்ன, போதும்."

"எனக்கும் போதும்" என்று மூட்டையை இறக்கி வைத்தாள். "ஆடுகளத் தம்பிகிட்ட விட்டுட்டு வந்துட்டேன். ரெண்டு பேரும் உப்பு வாரினா இன்னும் வெரசா முடியும்ல."

அந்த நிமிஷத்தை நினைத்தால் நமக்கே பதறுகிறது. ஐந்து வருஷமாக ஒரு மனிதன் எதற்காகப் பட்டினி கிடந்தானோ அது தானாக நடந்து வந்து, மூட்டையையும் இறக்கி வைத்துவிட்டது. "சரி, உக்காரு" என்று சொன்னால் போதும். கூத்தையா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றார்.

"வேணாம் லெட்சுமி. எந்த வாசல்ல எறங்குனியோ அந்த வாசல்லதான் நீ ஏறணும். இன்னும் அஞ்சு மாசம். வாக்கு வாக்குதான்."

"நான் சொன்ன வாக்குதான. நானே வேணாங்கிறேன்."

"ஊரு பாத்துச்சே."

அவரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடுவரை முன்னால் நடந்தார். பஸ் வந்ததும் கண்டக்டரிடம் சாயல்குடிக்கு ஆறணாவை எண்ணிக் கொடுத்தார். அதைப் பெரிய கௌரவமாகச் செய்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். திரும்பி வந்து, விட்ட இடத்தில் பலகையைப் பிடித்துப் பொழுது சாயும்வரை உப்பு வாரினார்.

ஆடி கடைசியில் எழுநூறும் சேர்ந்துவிட்டது. கெடுவுக்கு முன்னால் ஒத்தியைத் திருப்ப வேண்டுமென்றால் வீட்டில் இருப்பவர் மனது வைக்க வேண்டும். குல்சும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். "பத்து வருசம்னுதானே எழுதுனோம்ணே. அவுக கொழும்புலேர்ந்து வர இன்னும் நாளிருக்கே." பிறகு அவளே சொன்னாள். "அக்கா வர்றதுக்குத்தானே கேக்குறிக. எடுத்துக்கங்க."

பதினைந்தே நாளில் எதிர்ச் சாரியில் ஒரு வீடு பார்த்து மாறிவிட்டாள். போகும்போது அடுப்படியை மெழுகிவிட்டுப் போனாள். அலியார் முன்னிலையில் பத்திரத்தின் பின்னால் பணம் பற்று என்று எழுதவைத்துக் கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். கூத்தையா சுண்ணாம்பு அடித்தார். காவல் வேலையை வேறு ஆளிடம் விட்டார். இரண்டு புதுப் பானை, ஒரு முறம், ஒரு கோரைப்பாய் வாங்கி உள்ளே வைத்தார். திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கிக் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

வீரலட்சுமி ஆட்டுக் கிடையில் நின்றாள். பதினோரு ஆடுகள். ஐந்து வருஷத்தில் அவளும் சும்மா இருக்கவில்லை. கொட்டகைக்குத் தன் பணத்தில் ஓலை வேய்ந்திருந்தாள்.

"மீட்டாச்சு" என்றார் கூத்தையா.

"கேள்விப்பட்டேன்."

"கூப்பிட வந்திருக்கேன்."

அவள் ஓர் ஆட்டின் காதில் ஒட்டியிருந்த உண்ணியைப் பிடுங்கிப் போட்டாள். "நான் வீட்டையா கேட்டேன்? கோவத்துல ஒரு சொல்லு சொன்னேன். அதக் கட்டிக்கிட்டு அழுதிக. நான் மூட்டையத் தூக்கிக்கிட்டு வந்து நின்னேன், டிக்கெட்டு எடுத்து ஏத்தி விட்டிக. பஸ்ஸுல இருந்த சனமெல்லாம் என்னையத்தான் பாத்துச்சு."

அன்றைக்குத்தான் கூத்தையாவுக்குக் கணக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒருவேளை மாசி மாதமே விளங்கி, அதைத்தான் ஆறு மாதமாகக் காட்டிக்கொள்ளாமல் இருந்தாரோ என்னவோ.

அவள் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அம்மிக்கல்லின்மேல் வைத்தார்.

"இத எதுக்கு இங்கன வைக்கிறிக? நான் வாரேன்னு சொல்லல."

"சொல்ல வேணாம். இருக்கட்டும்."

"பின்ன நீங்க எப்பிடி உள்ள போவிக?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அவர் தெரு திரும்பும்வரை சாவி கல்லின்மேல்தான் இருந்தது என்று சோணைமுத்து சொன்னதாகத் தகவல். அதன்பிறகு அவள் அதை எடுத்தாளா, எங்கே வைத்தாள் என்பது யாருக்கும் தெரியாது.

அது ஆவணி கடைசியில். இப்போது புரட்டாசி பாதி போய்விட்டது. மேற்கே மேகம் திரள ஆரம்பித்திருக்கிறது. உப்பளத்தில் எல்லாரும் குவியலுக்கு ஓலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூத்தையா வேலைக்குப் போகிறார், வருகிறார். சுவரோரம் மூன்று கல் வைத்துக் கடன் வாங்கிய சட்டியில் கஞ்சி காய்ச்சிக்கொள்கிறார். புதுப்பானை இரண்டும் உள்ளே. படுப்பது வாசற்படிக்குக் கீழே, தெருவில் ஒரு சாக்கை விரித்து. போகிறவர் வருகிறவர் காலைத் தூக்கித் தாண்டிப் போகிறார்கள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்லாதவர் இல்லை. நாமும் அதைத்தான் சொல்வோம். ஆனால் பார்த்தால் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

நேற்றுச் சாயங்காலம் தூறல் விழுந்தது. எதிர் வீட்டிலிருந்து குல்சும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, மழையில கெடந்து காச்சல வாங்கிக்காதிக. ஆசாரியக் கூப்புட்டு பூட்ட ஒடச்சிருவம். பின்னால ஒரு பூட்டு வாங்கிக்கிறலாம்."

கூத்தையா எழுந்தார். சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியேறினார். ஒத்துக்கொண்டார் என்றுதான் குல்சும் நினைத்தாள். அவர் பூட்டைக் கையில் பிடித்து, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் பலமாக இழுத்துப் பார்த்தார். மேல்துண்டின் ஒரு மூலையைக் கிழித்து, மழை இறங்காமல் அதன் வாயைச் சுற்றிக் கட்டினார்.